வடத்தின் அந்தப் பக்கம்

ஜஸ்டஸ் உறங்கி விழாத இடம் என்று ஆரியங்கோட்டில் ஏதாவது பாக்கி இருந்தால், அது பஞ்சாயத்துக் கிணற்றின் உள்பக்கமாகத்தான் இருக்கும். சர்ச்சில் பிரசங்கத்துக்கு உறங்குவதைச் சொல்லவில்லை, அதில் அவனுக்குக் கூட்டாளிகள் நிறைய உண்டு. இவன் பாட்டுப் பாட எழுந்து நிற்கும்போதே உறங்குவான். கல்யாணப் பந்தியில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசையும்போது கண் செருகிவிடும், கை மட்டும் வேலையை நிறுத்தாமல் பிசைந்துகொண்டிருக்கும். எதிரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் விழித்து அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சாப்பிடுவான்.

ஆள் அப்படி ஒரு தடி. விசேஷ வீடுகளில் அவனுக்கு பிளாஸ்டிக் நாற்காலி போடும்போது இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித்தான் போடுவார்கள். உதியன்குளங்கரையில் அவன் ஆட்டோவில் ஏறினால், கூட ஏற வந்தவர்கள் தாங்களாகவே பின்வாங்கி அடுத்த வண்டியைப் பார்ப்பார்கள். இதிலெல்லாம் அவனுக்கு வருத்தம் இல்லை. ஊருக்கும் இல்லை. ஏனென்றால் வருஷத்தில் ஒருநாள், ஓணத்துக்கு, பள்ளிக்கூட மைதானத்தில் வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டி நடக்கும்போது, அந்த உடம்பு ஆரியங்கோட்டின் பொதுச்சொத்து.

வடம் பிடிக்கிற வரிசையில் கடைசி ஆள் ஜஸ்டஸ். முன்னால் நிற்பவர்கள் இழுப்பார்கள், இவன் நிற்பான். வடத்தின் நுனியை முதுகைச் சுற்றி அக்குளில் இறுக்கி, மஞ்சள் கச்சையை இடுப்பில் கட்டி, குதிகாலால் மண்ணில் இரண்டு குழி தோண்டி, மல்லாந்தாற்போல் சாய்ந்துவிட்டால் அதற்குப் பிறகு அவன் இருப்பது பூமியின் பக்கம். எத்தனையோ ஓணத்துக்கு எதிர்க்கட்சி இழுத்து இழுத்துக் கை தோல் உரிந்து போயிருக்கிறது. பரிசான முட்டனாட்டுக் கிடாவும் ஏத்தவாழைக் குலையும் ஆரியங்கோட்டுக்கு வந்திருக்கின்றன. குலையைத் தூக்கி ஜஸ்டசின் தோளில் வைத்துத்தான் ஊர்வலம் வருவார்கள்.

அவனுடைய உறக்கத்திலும் வடம்தான். இரண்டு நிமிஷம் கண் அசந்தாலும் போதும், கனவு வந்துவிடும். ரப்பர்த் தோட்டம் முழுக்க மஞ்சு, வெள்ளைப் பனிமூட்டமாக இறங்கியிருக்கும். மரங்களின் வரிசைக்கு நடுவே வடம் நீண்டு போய் மஞ்சுக்குள் மறையும். இந்தப் பக்கம் அவன் தனியே நிற்பான். அந்தப் பக்கம் யார் என்று தெரியாது. சுற்றிலும் இலை சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்போது வடம் வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டும். உடனே ஜஸ்டஸ் குதிகாலை ஊன்றிச் சாய்வான். மேலே வெள்ளை வானம் தெரியும். அவ்வளவு சுகமான இடம் இந்த உலகத்தில் அவனுக்கு வேறு இல்லை.

வைகாசிக் கடைசியில், பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே அந்த மஞ்சுக்குள் போய்விட்டான். வண்டி ரோட்டை விட்டு மரச்சினிக் கிழங்குத் தோட்டத்தில் இறங்கிச் சாய்ந்தது. பின்னால் இருந்தது மகள் ஜெனிஸ், ப்ளஸ் டூ படிக்கிறவள். யாருக்கும் பெரிய அடியில்லை. ஜஸ்டஸ் சேற்றில் கிடந்தபடி சிரித்தான். ஜெனிஸ் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து யூனிபார்மைக் கழுவிக்கொண்டே, "அப்பா ஆசுத்திரிக்கு வராம நான் இனி ஒங்ககூட எங்கயும் வரமாட்டேன்" என்றாள்.

அப்படித்தான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஜஸ்டசும் மனைவி ரெஜிலாவும் போனார்கள். சுகர் உண்டு, பிரஷர் உண்டு, கல்லீரலில் கொழுப்பு உண்டு. ஒரு ராத்திரி தலையிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டிப் படுக்கவைத்து, உறக்கத்தில் அடிக்கடி மூச்சு நின்றுபோகிறது என்று கண்டுபிடித்தார்கள். மூக்கில் மாட்டிக்கொண்டு உறங்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். கிணற்றில் தலைகீழாகத் தொங்குவதுபோல இருக்கிறது என்று ஜஸ்டஸ் அதை இரண்டாம் நாளே பாலித்தீன் கவரில் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டான். அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா பேப்பரில் படம் வரைந்து காட்டி, உடம்பு மெலிவதற்கான ஓர் ஆப்பரேஷனைப் பற்றிச் சொன்னார். உள்ளே இரைப்பையை நீளவாக்கில் வெட்டியெடுத்துவிட்டு, ஒரு ஏத்தம்பழத்தின் அளவுக்கு மிச்சம் வைப்பார்களாம்.

"ஒரு குலை ஜெயிச்சவனுக்கு ஒரு பழமா டோக்டரே?" என்றான் ஜஸ்டஸ்.

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. மூச்சு இப்படி நின்று நின்று வந்தால் ஒருநாள் வராமலே போகலாம் என்று மலையாளத்தில் மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"மூச்சு நிண்ணா பின்ன நான் எப்பிடி டோக்டரே இஞ்ச இருக்கேன்?"

உடம்பே தட்டி எழுப்பிக்கொள்ளும், எப்போதும் எழுப்பும் என்று நம்பி இருக்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. பிறகு ரெஜிலாவின் பக்கம் திரும்பி, ராத்திரியில் நீ எதையும் கவனித்திருக்கிறாயா என்று கேட்டார்.

"கொறட்டை உண்டு" என்றாள் ரெஜிலா. "நான் நல்லா ஒறங்கிருவேன்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"ஜஸ்டசே, தள்ளி வைக்கல்லே" என்று, தள்ளிப்போட வேண்டாமென எச்சரித்தார் டாக்டரம்மா. ஆப்பரேஷனுக்கு ஓணத்துக்கு முன்னால் ஒரு நாளைச் சொல்லி, யோசித்து முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

திரும்பும் வழியில் உதியன்குளங்கரையில் மழை பிடித்துக்கொண்டது. சாயாக்கடையில் ஒதுங்கினார்கள். ஏத்தம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்து அப்போதுதான் எடுத்த ஏத்தங்காப்பம், மஞ்சளும் கருகலுமாகத் தட்டில் ஆவி பறந்தது. ஜஸ்டஸ் ஒன்றைப் பிட்டு ஊதினான். இனிமேல் இதில் ஒரு கடிதான் என்று நினைத்ததும் இரண்டாவதையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"நீ என்ன பிள்ளே சொல்லுத?"

"நான் என்னத்த சொல்ல? ஒங்க ஒடம்பு."

"வேணும்ணா வேணும்ணு சொல்லு. வேண்டாம்ணா வேண்டாம்ணு சொல்லு."

"மளை விட்டாச்சு. நம்ம போவோம்" என்றாள் ரெஜிலா. மழை விட்டிருக்கவில்லை.

அவளுக்கு இஷ்டமில்லை என்று ஜஸ்டஸ் எடுத்துக்கொண்டான். ஒரு விதத்தில் அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

ஆடி மாதத்துக் கர்க்கிடக மழை அந்த வருஷம் நின்று பெய்தது. ரப்பர் மரங்களுக்கெல்லாம் பால் வடியும் வெட்டுக்கு மேலே மழை படாமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்ததால் வெட்டு முடங்கவில்லை. ஜஸ்டஸ் விடிய வெட்டிவிட்டு வருவான். சிரட்டைகளில் நிறைந்த பாலை ரெஜிலா வாளியில் ஊற்றிக்கொண்டு வருவாள். ஷெட்டில் பாலை அரித்து, தண்ணீர் கலந்து, அலுமினிய டிஷ்களில் ஊற்றி, ஆசிட்டை அளந்து சேர்த்துக் கலக்கிவிட்டால் உறைவதற்குக் காத்திருக்க வேண்டும். உறைந்த பிறகு அவன் கையால் அமர்த்திப் பரத்துவான். பிறகு ரோலரில் அவன் கொடுப்பான், அவள் கைப்பிடியைச் சுற்றுவாள். அந்தப் பக்கம் வெள்ளைத் துணிபோல ஷீட் இறங்கும். ஷீட்டை உலர்த்துகிற புகைப்புரையில் விறகு புகைந்துகொண்டே இருக்கும். வீட்டில் துணி, சோறு, வேதப்புத்தகம் எல்லாவற்றிலும் அந்தப் புகைமணம் உண்டு.

பால் உறையும் நேரத்தில் ரெஜிலா ஷெட்டின் மூலையில் சாக்கு விரித்து அப்படியே சாய்ந்துவிடுவாள். வாய் லேசாகத் திறந்து, கூப்பிட்டாலும் கேட்காத உறக்கம்.

"ஊரு என்னச் சொல்லுது. ஒறக்கத்துல இவதான் எனக்கு ஆசான்" என்று ஜஸ்டஸ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அப்படி அவள் உறங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம்தான் ரெஜித் வந்தான். கிளப் செக்ரட்டரி. வடம்வலியில் முதல் ஆள். ஜஸ்டசோடு ஒன்றாகப் படித்தவன்.

"எலே ஜஸ்டசே, கேட்டது உள்ளதா? வயத்த வெட்டப் போறியாமே?"

"முடிவு செய்யல்ல."

"ஓணம் களியட்டும். பின்ன நீ வயத்த வெட்டு, தலைய வெட்டு, ஆரு கேக்கப் போறா? இந்த வட்டம் பாறசாலைக்காரம்மாரு புதுசா நாலு பேர எறக்குதானுவ. கடைசியில நீ இல்லேண்ணா நம்மள மைதானத்துல உழுதுபோடுவானுவ."

"டோக்டரு தள்ளி வைக்காதேண்ணு சொல்லுதாவ."

"டோக்டரு எல்லாரிட்டயும் அதுதான் சொல்லும். ஒனக்கு என்னலே சீக்கு? கொஞ்சம் ஒறங்குவ. ஒறங்காதவன் எவன் உண்டு?" ரெஜித் ஆசிட் வாடைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு வேடிக்கையாகத்தான் கேட்டான். "நீ மெலிஞ்சா பின்ன ஊருல ஆருக்குலே ஒன்ன அடையாளம் தெரியும்?"

ரெஜித் போன பிறகும் அந்தக் கேள்வி ஷெட்டிலேயே நின்றது.

ஜஸ்டசின் அப்பா மெலிந்த மனிதர். கூலிக்கு ரப்பர் வெட்டியவர். ஈர்க்குச்சி என்றுதான் பெயர். பந்தியில் அவர் இருந்தாரா போனாரா என்று யாரும் பார்த்ததில்லை. அவருக்காக யாரும் ஒரு பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்ததில்லை. ஜஸ்டசும் அந்த அப்பாவின் மகனாகத்தான், ஓரமாக நின்று வடம்வலி பார்த்துக்கொண்டிருந்தான், பத்தொன்பது வயதில். கடைசி ஆள் வரவில்லை. எவனோ அவன் தோளைப் பிடித்து, "எலே தடியா, வா, சும்மா நிண்ணா போதும்" என்று இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினான். அவன் நின்றான். வடமும் நின்றது. அன்று சாயங்காலம்தான் ஊரில் அவனுக்குப் பெயர் உண்டானது. கத்தியை நினைத்தால் பயம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிட, மெலிந்து மெலிந்து மறுபடியும் ஈர்க்குச்சியின் மகனாக ஓரத்தில் போய் நிற்பதை நினைத்தால்தான் அவனுக்கு அதிகப் பயம்.

இரண்டு நாள் கழித்து, விடியப் போகிற நேரத்துக் கனவில் ஜஸ்டஸ் ஜெயித்தான்.

எப்போதும்போல மஞ்சு, மர வரிசை, சொட்டுகிற இலை. வடம் வெட்டியது. சாய்ந்தான். மறுபடி வெட்டியது. இன்று அந்தப் பக்கத்துக்காரனுக்கு என்னவோ அவசரம், விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தான். ரெஜித்தின் கேள்வி நினைவில் இருந்ததோ என்னவோ, ஜஸ்டசுக்குக் கோபம் வந்தது. வழக்கத்தை விட்டு, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். அத்தனை வருஷம் அசையாதது சரசரவென்று இந்தப் பக்கம் வந்தது. மஞ்சுக்குள் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ஜஸ்டஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

விழித்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது. பாடிக்கொண்டே அடுக்களைக்குப் போனான். ரெஜிலா வலது கையை ஈரத்துணியால் சுற்றி, இடது கையால் சாயாவுக்கு வெள்ளம் வைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"இது என்ன பிள்ளே?"

"ஷெட்டுல வளுக்கிட்டு. விறகு எடுக்க போனேன். பால்வெள்ளம் கெடந்து."

ஜஸ்டஸ் தலையில் அடித்துக்கொண்டான். ஷெட்டுத் தரையில் பாசி பிடித்துக் கிடந்தது அவனுக்குத் தெரியும். நாளைக்கு நாளைக்கு என்று போட்டுவைத்தது அவன்தான். அன்று வெட்டுக்குப் போகவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, தேங்காய்த் தொண்டால் முழு ஷெட்டையும் தேய்த்தான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு குனிந்து தேய்ப்பதென்றால் லேசு இல்லை. நடுவில் இரண்டு தடவை உறங்கி, எழுந்து, மிச்சத்தைத் தேய்த்தான்.

பிறகு அவளைக் காரக்கோணம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போனான். எலும்பு முறியவில்லை, உள்ளே நரம்பு இழுபட்டிருக்கிறது என்று கட்டுப்போட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். கட்டுப்போட்ட இளம் டாக்டர் கொஞ்ச நேரம் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆரெங்கிலும் பிடிச்சு வலிச்சதாணோ?" என்று, யாராவது பிடித்து இழுத்தார்களா என்பதை மலையாளத்தில் அவளிடம் கேட்டுவிட்டு, ஜஸ்டசை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"இல்ல. வளுக்கி விளுந்ததாக்கும்" என்றாள் ரெஜிலா.

பஸ்ஸில் வரும்போது ஜஸ்டசுக்கு ஆறவே இல்லை. "என்னப் பாத்தா பொண்ணு பிள்ளைக்க கைய முறுக்குத ஆளாட்டா தோணுது? நான் ஒன்ன ஒரு அடி அடிச்சது உண்டா? தடியா இருந்தா அடிக்கவன் ஆயிருவானா?"

"விடுங்க. பிள்ள கேட்டுட்டு. அதுக்க வேல அது" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அதற்குப் பிறகு ஷெட்டில் ஜெனிஸ்தான் ரோலரைச் சுற்றினாள். ஸ்கூலுக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் சுற்றினாள். டாக்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. பணத்துக்கு ரெஜிலாவின் அண்ணன் வழி செய்துவிட்டார், தடை அதுவல்ல. ஒருநாள் மரச்சினியும் நெத்தோலிக் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெனிஸ் நேராகக் கேட்டாள்.

"அப்பாக்கு என்னதான் பேடி? எதுக்கு இவ்வளவு பயப்படுதிய?"

"பேடியா, எனக்கா? ஓணம் களியட்டும் மக்கா."

"ஓணம் எல்லா வருஷமும் வரும்" என்றாள் ஜெனிஸ். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ரெஜிலா இடது கையால் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வெயில் அடித்தது. பல நாளுக்குப் பிறகு வந்த வெயில், இலைகளெல்லாம் பளபளத்தன. சாயங்காலம் மைதானத்தில் பயிற்சி என்று ரெஜித் சொல்லிவிட்டிருந்தான். ஜஸ்டஸ் தன் மஞ்சள் கச்சையைத் தேடினான். அலமாரியில் இல்லை, கொடியில் இல்லை. கடைசியில் மெத்தையைத் தூக்கினான். ரெஜிலா படுக்கிற பக்கத்தில் கிடந்தது.

எடுத்துப் பார்த்தான். நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்த கச்சை, இப்போது முறுக்கி முறுக்கிக் கயிறாகிப் போயிருந்தது. இரண்டு நுனியிலும் கண்ணி போட்டிருந்தது, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அவன் ஒன்றும் நினைக்காமல் பெரிய கண்ணிக்குள் தன் கையை விட்டான். அளவெடுத்ததுபோல மணிக்கட்டில் உட்கார்ந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டே ஷெட்டுக்குப் போனான். அன்று விடிய வெட்டிய பாலில் ஆசிட்டைக் கலக்கி டிஷ்களில் ஊற்றிவிட்டு, ரெஜிலா கட்டை அவிழ்த்து வெந்நீரில் கையை வைத்திருந்தாள். வீக்கம் வற்றியிருந்தது. வெளிச்சம் நேராக அந்தக் கையில் விழுந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம், கறுத்து, தோல் தடித்து. எத்தனையோ நாள் பார்த்ததுதான். வளையல் தழும்பு என்று நினைத்திருந்தான்.

கயிறு பிடித்தவனுக்குத்தான் அது தெரியும். புதிதாகப் பிடிக்கிறவனுக்குத் தோல் உரியும், எரியும், ஆறும். வருஷக்கணக்கில் பிடித்தவனுக்கு உரியாது. கறுத்துத் தடித்துக் காப்பு மாதிரிக் கிடக்கும். ஜஸ்டசின் அக்குளிலும் அதே கறுப்பு உண்டு.

"இது என்னது பிள்ளே?" என்று கச்சையை நீட்டினான்.

ரெஜிலா பார்த்தாள். கையை வெந்நீரிலிருந்து எடுக்கவில்லை. "ஒங்க கச்சையாக்கும்."

"அது எனக்குத் தெரியும். ரெண்டு தலையிலும் கண்ணி என்னத்துக்கு?"

புகைப்புரையில் விறகு வெடித்தது.

"ஒங்களுக்கு ஒறக்கத்துல மூச்சு நிக்கும்" என்றாள். "கொறட்டை கேட்டுட்டே இருக்கும். பின்ன சட்டுண்ணு ஒரு சத்தமும் இல்லாம ஆவும். மொதல்ல கையால தட்டிட்டு இருந்தேன். ஒங்க தோளுல தட்டினா என்ன தெரியும்? எனக்க கைதான் கடுக்கும். பின்னயாக்கும் கயிறு கெட்டினேன், பளைய சீல இத்துப்போயி, களிஞ்ச ஓணத்துக்குப் பின்ன ஒங்க கச்சைய எடுத்தேன். ஒரு தலை ஒங்க கையில, ஒரு தலை எனக்க கையில. சத்தம் நிண்ணா இழுப்பேன். கையி அசைஞ்சா மூச்சு வந்துரும். நீங்க வெட்டுக்கு எந்திக்க முன்ன அவுத்துருவேன்."

"எத்தர காலமா?"

"ஜெனிசு எட்டாம் கிளாசு படிக்கப்பம் மொதலா."

ஜஸ்டஸ் ஷெட்டின் மூலையைப் பார்த்தான். அங்கே அந்தச் சாக்கு மடித்து வைத்திருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது.

"அப்பம் நீ ஒறங்குதது..."

"பால் ஒறையப்பம் ஒறங்குவேனே."

அவன் நின்றிருந்த இடத்திலேயே அமர்த்துகிற கல்லின் மேல் உட்கார்ந்தான். "அண்ணைக்கு?"

"எண்ணைக்கு?"

"கையி வீங்கின அண்ணைக்கு."

ரெஜிலா அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவள் யோசிப்பது அவனுக்குத் தெரிந்தது.

"நான் இழுத்தா நீங்க எப்பளும் கொஞ்சம் திருப்பி இழுப்பிய" என்றாள். "வடம் பிடிச்ச கையில்லியா, எனக்குத் தெரியும். அண்ணைக்கு மூச்சு வர ரொம்ப நேரம் எடுத்துது. நானும் பேடிச்சு போட்டு இழுத்தேன். நீங்க ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு இழுப்பு. நான் ஒங்களத் தாண்டி கட்டிலுக்கு அந்தப் பக்கம் போயி விளுந்தேன்." வெந்நீருக்குள் கையைத் திருப்பினாள். "நீங்க ஒறக்கத்துல சிரிச்சிய."

ஜஸ்டசால் நிமிர முடியவில்லை. காரக்கோணத்து டாக்டரின் பார்வை மறுபடியும் அவன் மேல் மேலிருந்து கீழே இறங்கியது. அந்தப் பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

"நான் தரைய தேச்சேன்" என்றான்.

"தேச்சது நல்லதுதான். பாசி உண்டாயிருந்து."

"ஏன் பிள்ளே எனக்கிட்ட சொல்லல்ல? டோக்டரு கேட்டப்பளும் சொல்லல்ல."

"சொன்னா நீங்க ஒறங்க பேடிப்பிய. ஒறங்க பேடிச்சா மனுசன் என்ன செய்வாரு? ஒங்களுக்கு வேற என்ன சொகம் உண்டு?"

"ஆப்பரேஷன் செய்யுங்கண்ணு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லியா? நான் எத்தர வட்டம் கேட்டேன்!"

ரெஜிலாவின் கண் நிறைந்தது. ஈரக் கையால் துடைத்தாள். "எப்பிடி சொல்லுவேன்? இஞ்சண்ணா கயிறு எனக்க கையில உண்டு. அஞ்ச ஆசுத்திரியில மயக்கமருந்து குத்திக் கெடத்துவாவ. ஐசியூக்குள்ள என்ன விடுவாவளா? அஞ்ச ஆரு இழுப்பா? நான் வேணும்ணு சொல்லி ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுண்ணா? வேண்டாம்ணு சொல்லி, ஒரு நாளு நான் அசந்து ஒறங்கிப்போயி, காலத்த எந்திச்சு பாத்தா..." மறுபடியும் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டும் எனக்குப் பேடியாக்கும். நான் என்னத்த சொல்ல?"

வெளியே ரப்பர் இலைகளிலிருந்து மிச்ச மழை சொட்டிக்கொண்டிருந்தது. ஜஸ்டஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தான். கனவில் கேட்கிற அதே சத்தம். இத்தனை வருஷம் மஞ்சுக்கு அந்தப் பக்கம் பாறசாலைக்காரனோ யாரோ என்று நினைத்துக் குதிகாலை ஊன்றி ஊன்றி அவன் ஜெயித்தது யாரை என்று இப்போது தெரிந்தது. தான் ஒரு பாறை என்று நினைத்துக்கொண்டு, தன்னைக் கரையேற்ற இழுத்தவளையே இழுத்துத் தள்ளியிருக்கிறான்.

"அந்த மெஷினு அலமாரிக்க மேலதான இருக்கு?" என்று கேட்டான்.

"ம்."

"இண்ணைக்கு மொதலா மூக்குல மாட்டுதேன். தொங்கினாலும் செரி, முங்கினாலும் செரி. நீ கட்டிலுல கெடந்து ஒறங்கு. நாளைக்கு டோக்டருகிட்ட போவோம். ஓணத்துக்கு முன்னயே வெட்டட்டும். நீ இந்தக் கச்சைய கொண்டு காட்டி எல்லாத்தையும் பறயணும். அஞ்ச ராத்திரி எனக்க மூச்ச ஆரு பாக்கும், எப்பிடி பாக்கும்ணு கேக்கணும். ஒனக்கு மனசு நெறைய பதிலு சொன்னாதான் நான் கெடப்பேன்."

ரெஜிலா கச்சையை அவன் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்து, சின்னக் கண்ணியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

ரோட்டில் பைக் ஹாரன் கேட்டது. ரெஜித். ஜஸ்டஸ் எழுந்து வாசலுக்குப் போனான்.

"எலே, வா. எல்லாவனும் கிரவுண்டுக்கு வந்தாச்சு. கச்சை எங்க?"

"கச்சை ரெஜிலாக்கு வேணுமாம்" என்றான் ஜஸ்டஸ். "நீ வேற ஆளப் பாரு ரெஜித்தே. ஓணத்துக்கு நான் இல்ல."

ரெஜித் பைக்கை அணைத்தான். "ஆரு மறிச்சா? அவளா?"

"அவ ஒண்ணும் சொல்லல்ல. நானாக்கும்."

"கடைசி ஆளு இல்லாம எப்பிடிலே வலிக்க? தோத்துப் போவோம்."

"தோத்தா என்ன? ஒரு வட்டம் தோத்துப் பாரு. நான் பாயசம் வச்சுத் தாறேன், குடிக்க எனக்குத்தான் ஒக்காது." சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பின்ன ஒரு காரியம். நான் மெலிஞ்சாலும் பேரு ஜஸ்டசுதான். கண்டா ஒண்ணு விளி. நான் திரும்பிப் பாப்பேன்."

ரெஜித் என்னென்னவோ சொன்னான். சத்தம் கூடியபோது ஜஸ்டஸ் உதட்டில் விரலை வைத்து ஷெட்டுக்குள் கை காட்டினான். உள்ளே ரெஜிலா சாக்கில் சாய்ந்திருந்தாள். கச்சை அவள் மடியிலேயே கிடந்தது. ரெஜித் எட்டிப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் ஜஸ்டசைப் பார்த்தான், பைக்கைக் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தான்.

ஜஸ்டஸ் திரும்பி வந்து அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தான். டிஷ்களில் பால் உறைந்துகொண்டிருந்தது. உறையும்வரை உறங்கக்கூடாது, இன்றைக்குக் காவல் தன்னுடையது என்று வைராக்கியமாக இருந்தான். தொடையைக் கிள்ளினான். மரங்களை எண்ணினான். முகத்தில் வெள்ளம் தெளித்தான். ஆனால் வெயிலும் புகைமணமும் அவள் மூச்சுச் சத்தமும் சேர்ந்து, கண் தானாகவே செருகியது.

மஞ்சு இறங்கியது. மர வரிசைக்கு நடுவே வடம் நீண்டு கிடந்தது. காலடியில் அவன் வருஷக்கணக்காகத் தோண்டிய இரண்டு குழியும் தயாராக இருந்தன. குதிகால் பழக்கத்தில் அதற்குள் போய் உட்கார்ந்தது. வடம் ஒரு வெட்டு வெட்டியது. ஜஸ்டஸ் சாயப் போனான். பிறகு யோசித்தான். ஒரு காலைக் குழியிலிருந்து எடுத்தான். அடுத்த காலையும் எடுத்தான். இழுத்த பக்கமாகவே, ஈரச் சருகை மிதித்து, மஞ்சுக்குள் நடந்தான்.

கண் திறந்தபோது ரெஜிலா இடது கையால் அவன் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பால் ஒறஞ்சாச்சு. எந்திரிங்க."

ஜஸ்டஸ் எழுந்து நின்றான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, பல நாளாக இல்லாத ஒரு சிரிப்பு சிரித்தாள்.

"இண்ணைக்கு ஒரு இழுப்புக்கே வந்தாச்சே" என்றாள்.